பச்சை முடி

ஒரு மூட்டையை மூன்று இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாய், வயிறு, அடி. ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம். முஜிங்கா கருவியின் குழாயைச் சாக்கின் மேல் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கருவி டிக் டிக்கென்று கத்தும். எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போவாள்.

கொல்வேசியில் சாலை நெடுக, குழிகளிலிருந்து வரும் கோபால்ட் கல்லை இப்படி மூட்டையாக வாங்கும் முற்றங்கள் இருந்தன. எல்லா வாசலிலும் கருவி கிடையாது. இந்த முற்றத்திலிருந்து போன வருடம் ஒரு லாரி எல்லை வரை போய், கதிர்வீச்சு அதிகம் என்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் மேலாளர் முத்தேபா கருவியை வாங்கினார். அதைப் பிடிக்க, லுபும்பாஷியில் வேதியியல் படித்துவிட்டுச் சும்மா இருந்த முஜிங்காவை வேலைக்கு வைத்தார்.

நிமிடத்துக்கு முந்நூறுக்குள் என்றால் மூட்டை உள்ளே போகும். அதற்கு மேல் என்றால் கொண்டுவந்தவனோடு திரும்பிவிடும். குழி தோண்டுகிறவர்கள் கருவிக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"என்னம்மா சொல்லுது உன் சில்வண்டு?" என்றான் கபூலோ. முழங்கால் வரை செம்மண், தலையில் கட்டிய விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நானூத்திப் பத்து, அண்ணே."

"அஞ்சு நாளா மண்ணுக்குள்ள எலி மாதிரி கெடந்திருக்கேன். அந்த நூத்திப் பத்தை நீ முழுங்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

முஜிங்கா தலையைக் குனிந்துகொண்டாள். தொட்டியடியில் கல் கழுவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி குரல் கொடுத்தாள். "அவகிட்ட ஏன்டா கெஞ்சுற? சில்வண்டுக்காவது வாய் இருக்கு. அவளுக்கு அதுவும் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவள் உம்பா, கழுவும் பெண்களுக்குத் தலைவி. நாற்பது வயது, அகன்ற தோள். சிரித்து முடித்ததும் எழுந்து வந்து கபூலோவின் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டாள். "வா. தேச்சுத் தரேன். அரை மணியில இருநூறுக்குக் கொண்டாந்துடுறேன்."

தேய்த்துக் கழுவினால் எண் குறையும் என்று கண்டுபிடித்தது முஜிங்காதான்.

சில குழிகளில் கறுப்புக் கல்லின் மேல் பச்சையாக ஒன்று படர்ந்திருக்கும். செம்புக் கல்லும் பச்சைதான். அது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். இது வேறு பச்சை. ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் விரிந்த மெல்லிய ஊசிகள், கம்பளிப்பூச்சியின் முதுகைப் போல. தோண்டுகிறவர்கள் அதைப் பச்சை முடி என்றார்கள். பல்கலைக்கழகத்தில் முஜிங்கா அதைப் பார்த்திருக்கிறாள். ஈயப்பெட்டியைத் திறந்து ஒரு முறை காட்டிவிட்டு மூடினார்கள். அதற்குப் போலந்தில் பிறந்த ஒரு பெண் விஞ்ஞானியின் பெயர். அந்தப் பெயருக்கு முன்னால் செம்பைக் குறிக்கும் ஒரு சொல். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். யுரேனியம், செம்பு, சிலிக்கா, தண்ணீர். உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் கிடைக்கும். அந்தச் சில இடங்களில் நல்ல ஊசிகள் வருவது இந்த மண்ணிலிருந்து.

ஊசிகள் கல்லோடு இறுகி இருப்பதில்லை. விரலால் வழித்தாலே உதிரும். மார்ச் மாத மழையில் ஒரு மூட்டை நனைந்து, மறுநாள் பாதி எண்ணைக் காட்டியபோது முஜிங்காவுக்கு அது புரிந்தது. ஒரு கல்லை எடுத்துப் பல் தேய்க்கும் தூரிகையால் தண்ணீருக்குள் தேய்த்துப் பார்த்தாள். ஆயிரத்து இருநூறாக இருந்த எண் நூற்றெண்பதாயிற்று. தயங்கித் தயங்கி முத்தேபாவிடம் சொன்னாள். அவர் கையைத் தட்டினார். மறுவாரமே மூன்று சிமென்ட் தொட்டிகள் வந்தன, தூரிகைகளோடு பத்துப் பெண்கள் வந்தார்கள். தான் யோசித்த ஒன்று நடந்து, அதற்கு நாலு பேர் தலையாட்டியது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அந்த மகிழ்ச்சியில், கழுவுவதற்கு முன்னால் கல்லை அளந்தாள், கழுவிய பின்னால் கல்லை அளந்தாள். தண்ணீரை அளக்கவில்லை.

அன்று உம்பா கபூலோவின் கல்லைத் தேய்த்தபடியே பேசிக்கொண்டிருந்தாள்.

"என் மக நினெட்டுக்குப் பொறந்து இன்னையோட ஆறு நாளு. பொண்ணு. கொடி இன்னும் விழல. நீ வந்து எட்டிக்கூடப் பாக்கலையே, மெஷின்காரி?"

"வரேன்க்கா."

"வந்து அந்த ரூமைப் பாரு. இந்த வருஷம் எங்க வீட்டுச் சுவர் மாதிரி தெருவுல ஒருத்தர் வீட்டுலயும் இல்ல. புத்துமண் செவப்பும் வெள்ளைக் களியும் எல்லாரும்தான் பூசுறாங்க. நினெட் படுத்திருக்கிற ரூம் முழுக்கப் பச்சை. சோளக்குருத்து மாதிரி."

முஜிங்காவின் கையிலிருந்த பென்சில் நின்றது. மழை ஓய்ந்த மாதங்களில் பெண்கள் சுவருக்கு மண் பூசி வண்ணம் தீட்டுவது அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே நடப்பதுதான். ஆனால் பச்சைமண் யாரிடமும் இருந்ததில்லை.

"எந்தப் பச்சைக்கா?"

"என்ன கேள்வி இது? நம்ம பச்சைதான். வேலியோரம் குவிச்சிருந்தோமே, அந்தச் சேறு. மாவு மாதிரி இருக்கு, கல்லுகூட இல்ல. முதலாளிதானே எடுத்துக்கச் சொன்னாரு. நீயும்தான் பக்கத்துல நின்னுட்டிருந்தே."

நின்றிருந்தாள். அது ஜூன் மாதத் தொடக்கம். தொட்டித் தண்ணீர் போய்ச் சேரும் குழியின் அடியில் படிந்த சேற்றை வாரி வேலியோரம் குவித்திருந்தார்கள். அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று பெண்கள் கேட்டார்கள். முத்தேபா ஊதா ஒளி அடிக்கும் டார்ச் ஒன்று வாங்கி வைத்திருந்தார். யுரேனியம் இருந்தால் அந்த ஒளியில் மின்னும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கிடங்கின் இருட்டுக்கு ஒரு சட்டிச் சேற்றைக் கொண்டுவரச் சொல்லி, டார்ச்சை அடித்தார். சேறு கறுப்பாகவே இருந்தது. "ஒண்ணுமில்ல. தாராளமா எடுத்துக்கோங்க" என்றார்.

யுரேனியக் கற்களில் பல மின்னும். பச்சை முடி மின்னாது. அதிலிருக்கும் செம்பு அந்த ஒளியை விழுங்கிவிடும். தேர்வில் அதற்கு இரண்டு மதிப்பெண். முஜிங்கா அன்று வாயைத் திறந்தாள். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். முத்தேபா டார்ச்சைச் சுழற்றிக் காட்டிப் பெருமையாக நின்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பாதையில் உள்ள பள்ளங்களை நிரப்பத்தான் கேட்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுவாரம் குவியல் காணாமல் போனது. எங்கே போயிற்று என்று கேட்கவில்லை.

இப்போது அவள் முத்தேபாவின் அறைக்குப் போனாள்.

"சார், கருவியை ஒரு மணி நேரம் வெளியே எடுத்துட்டுப் போகணும்."

"எங்க?"

சொன்னாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "உனக்கென்ன பைத்தியமா? ஊருக்குள்ள இதைத் தூக்கிட்டு வீடு வீடாப் போனா நாளைக்கு வாசல்ல ஆள் கூடிடும். அன்னைக்குத்தான் டார்ச் அடிச்சுப் பாத்தோமே. ஒண்ணும் மின்னலையே."

"அது மின்னாது சார். செம்பு இருக்கு. செம்பு இருந்தா மின்னாது."

முத்தேபா அவளையே பார்த்தார். "அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் எழுந்து சன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். "நாலு மணிக்கு அது இங்க இருக்கணும். நான் எதையும் பாக்கல."

முஜிங்கா கருவியைக் கூடையில் வைத்து மேலே மரவள்ளிக்கீரைக் கட்டை வைத்து மூடினாள். உம்பாவிடம், பிள்ளையைப் பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். உம்பாவுக்குச் சந்தோஷம். வழியெல்லாம் பிள்ளையின் மூக்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் முஜிங்கா, உள்ளே வரலாமா என்று கேட்கும் முறைப்படி, "ஹோடி" என்றாள்.

"இது கூப்பிடுற குரலா? கொசுவுக்குக்கூடக் கேக்காது" என்று உம்பா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அறையில் சன்னல் கிடையாது. குளிர்காற்று வராமலிருக்கக் கூரையோரத் துவாரத்தில் துணி அடைத்திருந்தது. கதவு திறந்ததும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. அது அழகாக இருந்தது; முஜிங்கா எதிர்பார்க்காதது அதுதான். இளம்பச்சை. விரல்களை அழுத்தி இழுத்த வரிகள், அலை அலையாக. நடுவில் வெள்ளைக் களியில் இரண்டு மீன்கள். சுவரடியில் பாயில் நினெட் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இருபது வயது. பிள்ளை அவளுக்கும் சுவருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது, காற்றுப் படாமல் பத்திரமாக.

"மீன் நான் போட்டது" என்றாள் நினெட். "வயித்தைத் தள்ளிக்கிட்டு, உக்காந்து உக்காந்து போட்டேன். நல்லா இருக்கா?"

முஜிங்கா கீரைக்கட்டை எடுத்துவிட்டுக் கருவியை முடுக்கினாள். குழாயைச் சுவருக்குக் காட்டினாள்.

அது டிக் டிக்கென்று கத்தவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க முடியாமல், தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டதுபோல் ஒரே இரைச்சல். ஒரு நிமிடம் நின்றாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. குழாயைத் தாழ்த்திப் பிள்ளையின் போர்வையருகே பிடித்தாள். தொள்ளாயிரத்துச் சில்லறை.

முற்றத்து வாசலில் நாலு மாதமாக அந்தக் கருவியைக் கேட்டுப் பழகியவள் உம்பா. எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் மாறினாலும் அவள் பதறவில்லை. பதறுகிற ஆள் இல்லை அவள்.

"சரி" என்றாள். "அதுக்கென்ன, தேச்சுட்டாப் போச்சு." மூலையிலிருந்த தூரிகையை எடுத்துச் சுவரில் நாலு இழுப்பு இழுத்தாள். உலர்ந்த பச்சை பொருபொருவென்று உதிர்ந்தது. கதவு வழியே வந்த வெயிலில் தூள் எழுந்து, மெல்லச் சுழன்று, பாயின் மேல் இறங்கியது.

"தொடாதே!"

அந்தக் குரல் யாருடையது என்று மூன்று பேருக்கும் ஒரு கணம் தெரியவில்லை. பிள்ளை விழித்துக் கத்தியது. முஜிங்கா உம்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"தூளா மூச்சுல போச்சுன்னா உள்ளேயே தங்கிடும்க்கா. அதுதான் ரொம்ப மோசம். விடு."

"நீதானேடி சொன்ன, தேச்சா போயிடும்னு!"

"போகாதுக்கா. அது எதுலயும் போகாது. எரிச்சாலும் போகாது, கழுவினாலும் போகாது. இடம் மாறும், அவ்வளவுதான். கல்லுல இருந்து தண்ணிக்கு. தண்ணியில இருந்து சேத்துக்கு. சேத்துல இருந்து..." அவள் சுவரைப் பார்த்தாள்.

உம்பா தூரிகையைக் கீழே வைத்தாள். "அப்ப நாலு மாசமா நாங்க பத்துப் பேரும் என்ன பண்ணிட்டிருந்தோம்?"

"இடம் மாத்திட்டிருந்தோம்."

பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.

"ரெண்டு பேரையும் வெளியே கூட்டிட்டுப் போயிடணும். இப்பவே" என்றாள் முஜிங்கா.

"முடியாது."

"அக்கா..."

"கொடி விழல." உம்பாவின் குரல் தணிந்திருந்தது. "கொடி விழாம தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது. உனக்குத் தெரியாதா? நீ என்ன ஐரோப்பாவுலயா பொறந்த? இவளுக்கு மூத்தது ஒண்ணு இருந்தது. ஆண் பிள்ளை. நாலாம் நாள் காய்ச்சல்னு எல்லாரும் அவசரப்படுத்தினாங்க. கொடியோட தூக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போனோம். துணியில சுத்திக் குடுத்தாங்க. அந்த வாசலை நான்தான் தாண்டினேன், இந்தக் கையில வச்சுக்கிட்டு. இன்னொரு தடவை தாண்ட மாட்டேன்."

காய்ச்சல்தான் காரணம், வாசல் இல்லை என்று சொல்லலாம். அதை உம்பாவுக்கு ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருப்பார்கள். முஜிங்கா பாயருகே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. "முதலாளி டார்ச் அடிச்ச அன்னைக்கு நானும் நின்னேன். இந்தப் பச்சை அதுல மின்னாதுன்னு எனக்குத் தெரியும். அங்க இருந்தவங்கள்ல எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லல. நீங்க இதை வாரிட்டு வந்தது அதனாலதான்."

உம்பா அவளை அடிப்பாள் என்றே தோன்றியது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உம்பா அசையவில்லை. பேசியது நினெட்.

"ஏன் சொல்லல?"

"பயம்."

"யாருக்குப் பயம்? முதலாளிக்கா?"

"இல்ல. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களேன்னு."

நினெட் அதை யோசித்தாள். பிள்ளையை மார்பில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்ல. இப்பவும் பயம்தான்."

"இது உன் பிள்ளையா இருந்தா?"

"தூக்கிட்டு ஓடியிருப்பேன்."

நினெட் எழுந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடிக்கப் போனவள், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு தாயின் தோளைப் பிடித்தாள். "அம்மா, மூத்தவன் வெளியே போய்ச் செத்தான். இவ உள்ளே இருந்து ஏதாவது ஆச்சுன்னா அதை நான் எந்த வாசல்ல போய்ச் சொல்றது?"

உம்பா கதவைத் தாண்டி வெளியே போனாள். போய்விட்டாள் என்று முஜிங்கா நினைத்தாள். தெருவில் உம்பாவின் குரல் கேட்டது, தொட்டியடியில் கேட்கிற அதே குரல், பெயர் பெயராக. கழுவும் பெண்களில் அன்று வேலைக்கு வராத மூன்று பேர் பக்கத்து வீடுகளில் இருந்தார்கள். இடுப்பில் சுற்றியிருந்த கிட்டெங்கே துணிகளை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளாடையோடு, எதற்கென்று தெரியாமலே ஓடி வந்தார்கள்.

"நீளமாப் பிடிங்க" என்றாள் உம்பா. "மேலேயும் ஒண்ணு. ஆகாசம் தெரியக் கூடாது. பிள்ளைக்கு வாசல் தாண்டினதே தெரியக் கூடாது. ரூமே நடந்து போற மாதிரி போகணும்."

நாலு பக்கமும் துணிச்சுவர், மேலே ஒரு துணிக்கூரை. முஜிங்காவும் ஒரு மூலையைப் பிடித்தாள். அவளுடைய துணியில் நீலக் கிளிகள். உள்ளே நினெட்டின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அடி அடியாக, சாம்பல் மண்ணில் வீட்டு வாசலைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, கொல்லையோரமிருந்த சமையல் கொட்டகைக்குப் போனார்கள். பாதி வழியில் ஒருத்தி, "மெஷின்காரி, உன் பக்கம் ரூம் சாயுது, தூக்கிப் பிடி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு மூச்சு கொஞ்சம் எளிதாக வந்தது.

பழைய போர்வையைக் கழற்றி வெளியே போட்டார்கள். வெந்நீர் வைத்துத் தாயையும் பிள்ளையையும் துடைத்து வேறு துணி சுற்றினார்கள். முஜிங்கா கருவியைப் பிடித்தாள். எல்லோரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். டிக். இடைவெளி. டிக். டிக். வெட்டவெளியில் எங்கே பிடித்தாலும் கேட்கிற அதே சத்தம். முப்பத்திரண்டு.

"எவ்வளவு?" என்றாள் உம்பா, சத்தம் காதில் விழுந்த பின்னும்.

"முப்பத்திரண்டு."

"உள்ளே விடலாமா மூட்டையை?" என்றாள் உம்பா. அதைச் சொல்லும்போதே அவள் முகம் உடைந்தது. கிட்டெங்கே நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

கருவி நாலு மணிக்கு முற்றத்துக்குத் திரும்பவில்லை. ஐந்தரைக்குப் போயிற்று. முத்தேபா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை வாசல் பலகையில், மூட்டைகளுக்கு எழுதுகிற இடத்துக்குக் கீழே, முஜிங்கா 'சேறு' என்று எழுதி எண்ணைப் போட்டாள். முத்தேபா வந்து அழித்தார். அவள் மறுபடி எழுதினாள். மூன்றாவது தடவை அவர் அழிக்கவில்லை. கல் கழுவுவது நின்றது, தொட்டிகள் காய்ந்தன. பத்துப் பெண்களுக்கும் வேலை போனது. அதற்கும் காரணம் முஜிங்காதான். இரண்டு பேர் அவளைத் தெருவில் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்கள்.

சுவரை ஈரமாகவே எடுக்க வேண்டியிருந்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்து, வாயிலும் மூக்கிலும் நனைந்த துணி கட்டிக்கொண்டு, முஜிங்காவும் கபூலோவும் இரண்டு நாள் சுரண்டினார்கள். மீன்கள் முதலில் கரைந்தன. வாளி வாளியாக அதை எங்கே கொட்டுவது என்று கேட்டபோது, கபூலோதான் தன் பழைய குழியைக் காட்டினான். இருபத்தைந்து மீட்டர் ஆழம், தண்ணீர் ஊறாத, கைவிட்ட குழி.

"எடுத்த எடத்துலயே போட்டாச்சு" என்றான், மேலே மண்ணைத் தள்ளிக்கொண்டே. "நாலு மாசம் ஊர் சுத்திப் பாத்துட்டு வீட்டுக்கு வந்துட்டான்." பிறகு சிரிப்பை நிறுத்தினான். "இனிமே போயிடும்ல?"

"இல்லண்ணே. அங்கேயே இருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் சொல்லவில்லை. இந்தப் பூமிக்கு எத்தனை வயதோ அத்தனை காலம் போனாலும் பாதிதான் தீரும். அதை மண்வெட்டி பிடித்து நிற்கிறவனிடம் எப்படிச் சொல்வது?

எட்டாம் நாள் காலையில் கொட்டகையில் கொடி விழுந்தது. உம்பா அதை எங்கே புதைத்தாள் என்று யாருக்கும் காட்டவில்லை. முஜிங்கா ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிள்ளை ஆறு நாள், அதற்கு முன் வயிற்றுக்குள் மூன்று வாரம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கொல்கிற எண் வரவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிடக்கூடிய எண்ணும் வரவில்லை. நினெட் கேட்டபோது அதை அப்படியே சொன்னாள். நினெட் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு பிள்ளையை அவள் மடியில் போட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று முஜிங்காவுக்குத் தெரியவில்லை. பிள்ளை கனமாக இருந்தது. மூக்கு உம்பா சொன்ன மாதிரியே இருந்தது.

அன்று மதியம் உம்பா அவளைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். குவியலிலிருந்து யார் யார் வாரிப் போனார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கழுவின பத்துப் பேரில் ஆறு பேர். அவர்கள் கொடுத்து வாங்கிப் போன அக்கம்பக்கத்தார் இரண்டு பேர். உம்பா வீட்டோடு சேர்த்து எட்டு. முஜிங்காவின் தோளில் கருவி தொங்கியது. இந்தத் தடவை கீரைக்கட்டு இல்லை.

முதல் வீட்டின் வெளிச்சுவரே பச்சையாக இருந்தது. கதவைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள், அதன் மேல் ஒரு சேவல். உம்பா படலருகே நின்றுவிட்டாள்.

"நீ போ. நீதான் சொல்லணும். நான் சொன்னா கேட்டுட்டுத் தூரிகையை எடுப்பா."

முஜிங்கா கதவின் முன்னால் போய் நின்றாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். முதல் சொல் என்னவென்று இப்போது நினைவில்லை.

"ஹோடி!"

தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் சிரிப்போடு கேட்டது. "யாரு அது? மெதுவாக் கூப்பிடு, பிள்ளை தூங்குது."

முஜிங்கா மெதுவாகக் கூப்பிடவில்லை.